ஏரியில் பிடிபட்ட அந்த மீனைப் பற்றி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் பக்கத்து ஏரி ஒன்றில் தூண்டிலில் சிக்கிய மீனின் படத்தைப் போன வாரம் உங்கள் நாளிதழில் பார்த்தேன். மஞ்சளும் பச்சையும் கலந்த உடம்பு. முதுகிலிருந்து வயிற்றை நோக்கி இறங்கும் மூன்று கறுப்புப் பட்டை. வாலின் அடியில் பொன் வளையம் போட்ட ஒரு கறுப்புப் பொட்டு. பிடித்த பையன் அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நிற்கிறான். மேலே 'கொலைகார மீன்' என்று தலைப்பு. கீழே, இது பிரானா இனம், தண்ணீரில் இறங்குபவர்களைக் கடிக்கும், பிள்ளைகளை ஏரிப் பக்கம் விட வேண்டாம் என்று நாலைந்து வரி.

அது பிரானா இல்லை, பீகாக் பாஸ். எங்கள் தெருவில் எந்த வீட்டுப் பிள்ளையைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கும். நான் பொன்னியம்மன்மேட்டில் வண்ண மீன் வளர்த்து விற்பவள். 1996-இல் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த மறு வாரமே என் மாமனார் என் கையில் ஒரு டீ வடிகட்டியைக் கொடுத்து, ஃபைட்டர் மீன் குஞ்சுகளுக்கு மொய்னா என்ற பொடி நீர்ப்பூச்சியை எப்படி அள்ளிப் போடுவது என்று காட்டினார். மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்துபோவதற்கு முன்பே தகர டின்னில் மீனைச் சுமந்துபோய் அங்கே விற்றவர் அவர். அன்றிலிருந்து இன்றுவரை, விடிகாலையில் தொட்டிகளை ஒரு சுற்று பார்த்த பிறகுதான் நான் அடுப்பைப் பற்றவைப்பேன். அந்த உரிமையில் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். பெயரைத் தப்பாகப் போட்டது பெரிய விஷயமில்லை. படவே வேண்டாத பயத்தை ஊருக்குக் கொடுத்துவிட்டு, பட வேண்டிய பயத்தை விட்டுவிட்டீர்களே என்பதுதான் என் வருத்தம்.

பிரானாவின் பல் முக்கோணமாக, ரம்பம் மாதிரி இருக்கும். கடித்துத் துண்டெடுக்கவே அமைந்த பல். பீகாக் பாஸுக்குக் கடிக்கத் தெரியாது. அதன் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்திருக்கிறேன். உள்ளே உப்புத்தாளைத் தடவுகிற மாதிரி சொரசொரப்பு, அவ்வளவுதான். இரை கிட்டே வந்ததும் வாயை முன்னால் குழாய் மாதிரி நீட்டித் திறக்கும். தண்ணீரோடு சேர்த்து மீனை உள்ளே இழுத்து முழுசாக விழுங்கிவிடும். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். தன் வாய்க்குள் அடங்காத எதையும் அது இரையாகப் பார்ப்பதில்லை. ஏரியில் குளிக்கும் பிள்ளைக்கு அதனால் ஒரு கீறல்கூட விழாது.

அது சிச்லிட் குடும்பத்து மீன். பெயர் புதிதாகத் தோன்றினாலும் அந்தக் குடும்பம் உங்கள் அடுக்களைக்குள் ஏற்கெனவே வந்திருக்கிறது: ஜிலேபி. அடுத்த முறை ஜிலேபி வாங்கினால் கழுவும்போது மூக்கைப் பாருங்கள். கெண்டைக்கும் ரோகுவுக்கும் மூக்கில் பக்கத்துக்கு இரண்டு துளை இருக்கும். ஜிலேபிக்குப் பக்கத்துக்கு ஒன்றே ஒன்று. செதிளின் மேல் தலையிலிருந்து வால் வரை ஓடும் புள்ளிக்கோடு பாதியில் அறுந்து, ஒரு படி கீழே இறங்கி மறுபடி ஓடும். செவுளை அறுத்துத் தொண்டைக்குள் விரலை விட்டால் இன்னொரு தாடை தட்டுப்படும். இரையை அரைப்பதற்கும் உள்ளே தள்ளுவதற்கும் அதற்கு இரண்டாவது தாடை உண்டு. எங்கள் கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் நீங்கள் பார்க்கும் ஏஞ்சல், டிஸ்கஸ், ஆஸ்கார், பிளவர்ஹார்ன் எல்லாமே இந்தக் குடும்பம்தான். ஆனால் நம் நாட்டுக்கே சொந்தமான சிச்லிட் மூன்று மட்டும். அதில் ஒன்று பழவேற்காட்டுப் பக்கம் வலையில் வரும் கரிமீன். ஜிலேபியே 1952-இல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டதுதான். இன்று அது இல்லாத குளம் குட்டையைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

பீகாக் பாஸின் பிறந்த ஊர் தென் அமெரிக்கா. அமேசான், ஒரினோகோ என்ற இரண்டு பெரிய ஆறுகளும் அவற்றில் வந்து சேரும் ஆறுகளும், வடக்கே கயானா பக்கத்து ஆறுகளும் அதன் இடம். பிரேசிலில் அதை டுகுனாரே என்கிறார்கள். இதில் ஒரே ஒரு இனம்தான் என்று இல்லை. 2006-இல் ஆய்வாளர்கள் முழுவதையும் அலசி 15 இனங்கள் என்று பிரித்தார்கள். அதில் ஒன்பது அதுவரை பெயரே வைக்கப்படாதவை. ரியோ நீக்ரோ ஆற்றில் இருக்கும் வகைதான் எல்லாவற்றிலும் பெரியது. ஒரு மீட்டர் வரை நீளும். 2010-இல் அங்கே தூண்டிலில் வந்த ஒன்று 13 கிலோவுக்கு மேல் இருந்தது. உங்கள் படத்தில் இருப்பது சின்ன வகைகளில் ஒன்று. சின்னது என்றாலும் ஒன்றரை, இரண்டு அடி வளரும்.

அந்த ஆற்றைப் பற்றி என் மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் பொன்னேரி மீன்வளக் கல்லூரியில் படித்தவள். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து, நான் புழு அலசிக்கொண்டிருக்க, புத்தகத்தில் இருப்பதைத் தமிழில் சொல்லுவாள். ரியோ நீக்ரோ என்றால் கறுப்பு ஆறாம். காட்டுச் சருகு ஊறி ஊறித் தண்ணீர் பால் விடாத டீயின் நிறத்தில் இருக்கும், ஆனால் கலங்கல் இருக்காது. வருடத்துக்கு ஒரு முறை அந்த ஆறு பத்து மீட்டர் ஏறி இறங்கும். மூன்று மாடி உயரம். ஏறும்போது கரையோரக் காடு அப்படியே முழுகிவிடும். சின்ன மீனெல்லாம் மரக்கிளைகளுக்கு நடுவே போய்ப் பழத்தையும் பூச்சியையும் தின்று வளரும். பீகாக் பாஸுக்கு அது இரை சிதறிப்போகும் காலம். தண்ணீர் வடியும்போது அத்தனை மீனும் ஒடுங்கி ஆற்றுக்கும் ஓரத்துக் குட்டைகளுக்கும் திரும்பும். அப்போது அதற்கு அறுவடை. நன்றாகத் தின்று கொழுத்து, தண்ணீர் மறுபடி ஏறப்போகும் சமயத்தை ஒட்டி ஜோடி சேர்ந்து முட்டையிடும். அந்தக் காலத்தில் பெரிய வகை மீனின் நிறமே மாறிவிடும். மற்ற நாளில் உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி வரிசை. இனப்பெருக்கக் காலத்தில் புள்ளி மங்கி, பொன் பச்சை உடம்பில் கரும்பட்டை எழும்பும். இரண்டும் வேறு வேறு மீன் என்றே நெடுநாள் நினைத்திருந்தார்களாம்.

அந்த ஊரில் பீகாக் பாஸையும் விடாமல் துரத்தும் உயிர்கள் இருக்கின்றன. நீர்நாய் இருக்கிறது, ஆற்று ஓங்கில், அதாவது டால்பின், இருக்கிறது, முதலை வகைகள் இருக்கின்றன. பிரானா அதன் வால் துடுப்பையே கொறிக்க வரும். வாலில் இருக்கும் அந்தக் கண் பொட்டுகூட, எது தலை எது வால் என்று பிரானாவைக் குழப்பத்தான் என்று சொல்கிறார்கள். அதாவது அது சண்டியர் இல்லை. அதற்கும் மேலே ஆள் இருக்கும் தெருவில், அதற்கென்று ஒரு அளவோடு வாழ்ந்த மீன்.

இனி என் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைச் சொல்லாமல் மற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி இரவு. பின்கட்டில் 12 சிமென்ட் தொட்டி இருந்தது. கடைசித் தொட்டியில் 11 பீகாக் பாஸ் குட்டிகள், ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். இரண்டு இன்ச் குஞ்சாக வாங்கி, மொய்னா போட்டு, பிறகு புழு, பிறகு காசிமேட்டிலிருந்து வரும் நெத்திலி என்று பழக்கி, நல்ல விலைக்குக் கேட்டிருந்தார்கள் என்று வைத்திருந்தோம். ராத்திரி பத்து மணிக்குத் தெருத் தண்ணீர் வாசற்படி ஏறியது. மின்சாரம் போனது. ஏர் பம்ப் சத்தம் நின்றதுமே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இரண்டு மணிக்குப் பின்கட்டில் இறங்கிப் பார்த்தால் முழங்காலுக்கு மேலே தண்ணீர். தொட்டியின் விளிம்பும் வெள்ளத்தின் மட்டமும் ஒன்றாக இருந்தது. எது தொட்டி, எது தெரு என்று தெரியவில்லை. வீட்டுக்காரர் மோட்டாரைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டிருந்தார். நான் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுக்களை வாசலில், என் காலை ஒட்டி, ஒரு மீன் மெதுவாகப் போனது. உடம்பு தெரியவில்லை. வாலில் இருந்த அந்தக் கண் மட்டும் வெளிச்சம் பட்டு ஒருமுறை பொன்னாக மின்னிவிட்டு இருட்டுக்குள் போனது. கையை நீட்டினேன். கிடைக்கவில்லை.

விடிந்து தண்ணீர் வடிந்த பிறகு எண்ணினோம். பதினொன்றில் நாலு இருந்தது. ஏழைக் காணோம். தெருவில் ஓடிய தண்ணீர் கால்வாயில் விழும், கால்வாய் ஏரிக்குப் போகும். அன்றைக்கு எனக்கு வந்த கவலையெல்லாம் நஷ்டக் கவலைதான். மற்ற தொட்டிகளில் ஏஞ்சல் போனது, மாலி போனது, வங்கிக் கடன் இருந்தது. ஏழு பீகாக் பாஸ் ஏரிக்குப் போனால் ஏரிக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தோன்றியது ஒன்றரை வருடம் கழித்து. மிஞ்சிய நாலையும் நான் விற்கவில்லை. பெரிய தொட்டிக்கு மாற்றினேன். ஒரு சித்திரை மாதம், அதில் ஒன்றின் நெற்றி வீங்கத் தொடங்கியது. ஆண் மீனுக்கு ஜோடி சேரும் காலத்தில் அப்படித் தலைக்கு மேலே ஒரு மேடு எழும்பும். தொட்டி மூலையில் ஒரு உடைந்த கடப்பாக்கல்லைச் சாய்த்து வைத்திருந்தேன். ஆணும் பெண்ணும் மாறி மாறி வாயால் அந்தக் கல்லைச் சுரண்டின. பாசி ஒரு பொட்டு இல்லாமல், நாம் அம்மிக்கல்லைத் தேய்த்துக் கழுவுவது போலச் சுத்தம் செய்தன. மற்ற இரண்டு மீனையும் எதிர் மூலைக்கு விரட்டிவிட்டன. நான் அவற்றை வேறு தொட்டிக்கு எடுத்துவிட்டேன். மறுநாள் மதியம் பெண் மீன் வயிற்றைக் கல்லோடு ஒட்டி வரிசை வரிசையாக முட்டை வைத்துக்கொண்டு போக, ஆண் பின்னாலேயே வந்தது. முதல் தடவை முட்டை பூஞ்சை பூத்துக் கெட்டுப் போய்விட்டது. ஆவணியில் மறுபடி வைத்தன. மூன்றாம் நாள் கல்லின் மேல் முட்டைக்குப் பதில் சின்னச் சின்ன வால்கள் ஆடிக்கொண்டிருந்தன. தாயும் தகப்பனும் அவற்றை வாயில் அள்ளித் தரையில் தோண்டி வைத்த குழிக்கு மாற்றின. இன்னும் சில நாளில் குஞ்சுகள் எழும்பி நீந்தத் தொடங்கின. ஆயிரக்கணக்கில். கீழேயிருந்து ஒரு புகை எழுந்து தொட்டிக்குள் நகர்கிற மாதிரி இருந்தது.

நான் குனிந்து பார்த்தால் தகப்பன் மீன் கண்ணாடி மாதிரி விறைத்து என் முகத்துக்கு நேராக வந்து நிற்கும். வடிகட்டியை உள்ளே விட்டால் மோதும். தாய் துடுப்பை ஒரு அசை அசைத்தால் குஞ்செல்லாம் அவள் வயிற்றுக்கு அடியில் கூடிவிடும். ஊரில் சின்ன வயதில் ஏரியில் விரால் குஞ்சுக் கூட்டத்தைப் பார்த்திருக்கிறேன். சிவப்புக் குஞ்சுகள் நீர்மட்டத்தில் கொதிக்கிற மாதிரி திரளும். கீழே தாய் விரால் காவல் நிற்கும். அதே மாதிரிதான். அந்த அழகைப் பார்த்துக்கொண்டே நின்றவளுக்குச் சட்டென்று உறைத்தது. போன ஏழில் ஒரு ஜோடி இருந்தால்கூடப் போதும். கெண்டை முட்டையைத் தூவிவிட்டுப் போய்விடும். பாதிக்கு மேல் யாராவது தின்பார்கள். இது அப்படி இல்லை. இரண்டு மாதம்கூடக் கூடவே நின்று காக்கும். பிறந்ததில் நிறைய பிழைக்கும். பிழைத்தது எல்லாம் மீன் தின்னி.

பனாமா கால்வாய் ஓடும் வழியில் காட்டூன் என்று ஒரு பெரிய ஏரி இருக்கிறது. 1967-இல் பக்கத்துக் குட்டையில் வளர்த்த பீகாக் பாஸ் சில தப்பி ஆற்றில் இறங்கி அந்த ஏரிக்கு வந்துவிட்டன. சில மீன்தான். ஆறு வருடத்துக்குள், 1973-இல், சாரெட், பெய்ன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். அந்த மீன் பரவிய இடங்களில், முன்பு சாதாரணமாகக் கிடைத்த எட்டு மீன் இனங்களில் ஆறு அனேகமாக மறைந்துவிட்டன. சின்ன மீன் போனதும் அதைத் தின்ன வரும் ஆலாவும் மீன்கொத்தியும் நாரையும் குறைந்தன. கொசுப்புழுவைத் தின்றுவந்த மீனும் போனதால் மலேரியாக் கொசு பெருகக்கூடும் என்றும் அவர்கள் எச்சரித்திருந்தார்கள். நாற்பத்தைந்து வருடம் கழித்துப் போய்ப் பார்த்தவர்கள், போன மீன்கள் இன்னும் திரும்பவில்லை என்று 2017-இல் எழுதியிருக்கிறார்கள். இதை என் மகள் படித்துச் சொன்ன அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு மீன் வந்தால் கொசு பெருகும் என்றால் அது என்ன கணக்கு என்று வடசென்னையில் இருப்பவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் ஏரி ஓரத்தில், நெற்றியில் வெள்ளிப் பொட்டு மின்ன, நீர்மட்டத்தை ஒட்டியே நீந்தும் ஒரு விரல் நீள மீன் உண்டு. அது நாளெல்லாம் தின்பது கொசுப்புழுவைத்தான்.

பிரேசிலுக்குள்ளேயே அமேசானிலிருந்து தெற்கே பரானா ஆற்று அணைக்கட்டு ஏரிகளுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அங்கேயும் ஒரு அணையில் இரண்டே வருடத்தில் கரையோரச் சிறு மீன்கள் பெருமளவு சரிந்துவிட்டன. அமெரிக்காவில் ஃப்ளோரிடாவில் 1984-இல் அரசே இதைக் கால்வாய்களில் விட்டது, அங்கே பெருகியிருந்த வேறொரு ஜிலேபி வகையைத் தின்னட்டும் என்று. ஆனால் அவர்களுக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது. தண்ணீர் 15 டிகிரிக்குக் கீழே போனால் இந்த மீன் செத்துவிடும். 2010 ஜனவரிக் குளிரில் அங்கே நிறைய செத்தன. வடக்கே பரவவிடாமல் குளிர் ஒரு வேலி மாதிரி நிற்கிறது. சென்னையில் மார்கழிக் காலைக் காற்றே 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. ஏரித் தண்ணீர் அதைவிட வெதுவெதுப்பு. எங்களுக்கு அந்த வேலி கிடையாது.

நம் ஏரியிலும் விரால் இருக்கிறது, அதுவும் மீன் தின்னிதானே என்று கேட்பார்கள். விரால் கோரைக்குள் பதுங்கியிருந்து பாயும். நம் கெண்டைக்கும் அயிரைக்கும் அந்தப் பாய்ச்சல் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். பீகாக் பாஸ் பட்டப்பகலில் திறந்த தண்ணீரில் துரத்தும். தவறினால் மறுபடி துரத்தும். இருட்டினால்தான் ஓயும். அமேசானில் துரத்தினால் ஓடி ஒளிய அரை வருடம் ஒரு காடு முழுகிக் கிடக்கிறது. இங்கே என்ன இருக்கிறது? ஏரியைத் தூர்வாருகிறோம் என்று கோரையையும் அல்லியையும் சேர்த்து வழித்தெடுத்துவிட்டு, கரைக்குக் கல் பதித்து நடைபாதை போடுகிறார்கள். நடக்க வசதிதான், நானும் நடக்கிறேன். ஆனால் ஒரு சின்ன மீன் ஒளிய அங்கே ஒரு புதர் இல்லை. கோடையில் ஏரி சுருங்கி நடுவில் ஒரு குட்டையாக நிற்கும்போது, அமேசானில் தண்ணீர் வடிந்த மாதிரியேதான் பீகாக் பாஸுக்கு.

சாக்கடை கலந்து பச்சைப் பாசி படிந்த தண்ணீரில் அதற்குச் சிரமம், ஏனென்றால் அது கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீன். அது ஒரு ஆறுதலா? ஏரி சுத்தமாக வேண்டும் என்று நாம் போராடி, சுத்தமானால், முதலில் பயனடைவது அதுவாக இருக்கும். கொஞ்ச தூரத்திலேயே புழல் ஏரி இருக்கிறது. 3,300 மில்லியன் கன அடி நல்ல தண்ணீர்.

எங்கள் தொழிலிலிருந்து போன மீன் எங்கள் ஏரிகளை என்ன செய்யும் என்பதற்கு ஆதாரம் தேடிப் பனாமா வரை போக வேண்டியதில்லை. 'டேங்க் கிளீனர்' என்று விற்றோமே, கறுப்பாக, முதுகெல்லாம் ஓடு மாதிரி கெட்டியாக, கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசி தின்னுமே, அதுவும் தென் அமெரிக்க மீன்தான். இன்று வலை போடுபவர்களைக் கேளுங்கள். ஏரிக்கரையில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் இருக்கிறார். ஒரு நாள் அவர் வலையை உதறியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு குறவை, ரெண்டு ஜிலேபி, மற்றதெல்லாம் டேங்க் கிளீனர். துடுப்பு முள் வலையில் மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. ஒவ்வொன்றாக அறுத்து எடுத்தார். எடுத்துக் கரையில் போட்டது ஒரு மணி நேரம் கழித்தும் உயிரோடு வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. "இது ஒண்ணும் எங்க அப்பன் காலத்துல கெடையாதும்மா" என்றார். அவருக்கு நான் என்ன தொழில் செய்கிறேன் என்று தெரியும். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாதது எனக்குத் தைத்தது.

போன வருடம் பெரம்பூரிலிருந்து ஒரு தம்பி பெயிண்ட் டப்பாவில் ஒரு பீகாக் பாஸைக் கொண்டுவந்தான். வால் டப்பாவில் மடங்கிக் கிடந்தது. இரண்டு இன்ச்சில் வாங்கினானாம். எவ்வளவு பெரிதாகும் என்று கேட்டதற்கு, தொட்டி சைஸுக்குத்தான் வளரும் என்று சொல்லியிருக்கிறார்கள். இந்தப் பொய்யை எங்கள் தொழிலில் முப்பது வருடமாகக் கேட்கிறேன். எந்த மீனும் தொட்டியைப் பார்த்து வளராது. சின்னத் தொட்டியில் போட்டால் முதுகு கோணி, நோயாகி, சீக்கிரம் சாகும், அவ்வளவுதான். பத்து மாதத்தில் அது ஒரு அடி தாண்டிவிட்டது. மூன்றடிக் கண்ணாடித் தொட்டியில் திரும்ப முடியவில்லை. வாங்கிய கடையில் திருப்பி எடுத்துக்கொள்ளக் கேட்டானாம். முடியாது, ஏரியில விட்டுடு, புண்ணியமாப் போவும் என்றார்களாம். அவனுக்கு மனசு கேட்கவில்லை. "விட்டா சாவுமாக்கா?" என்று கேட்டான். சாகாது தம்பி, அதுதான் பிரச்சினை என்றேன்.

ஆசிரியர் அவர்களே, இந்தப் 'புண்ணியம்' என்ற சொல்லைப் பற்றி நீங்கள் எழுத வேண்டும். ஏரியில் மீனை விடுபவர்கள் கெட்டவர்கள் இல்லை. கொல்ல மனம் வராதவர்கள். கோயில் குளத்தில் விடுகிறார்கள், கிணற்றில் விடுகிறார்கள், கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். அவர்களுக்கு 'கொலைகார மீன்' என்று சொன்னால் தங்கள் வீட்டு மீன் அது என்று தோன்றாது. அவர்களைப் பொறுத்தவரை அது கையிலிருந்து இறால் வாங்கித் தின்னும் செல்லம். அதைத் தண்ணீரில் விட்ட பிறகு அது என்ன தின்னும், எத்தனை பெறும், பெற்றதை எப்படிக் காக்கும் என்று சொன்னால் புரியும்.

எங்கள் வியாபாரிகளிடமும் ஒரு வேண்டுகோள். மீன் பெயரையும் விலையையும் தொட்டியில் ஒட்டுகிறோம். வளர்ந்தால் எத்தனை அடி என்பதையும் அதே ஸ்டிக்கரில் எழுதலாமே. பீகாக் பாஸ், அரப்பைமா, அலிகேட்டர் கார் மாதிரி பெரிதாக வளரும் மீனை விற்றால், வளர்ந்த பிறகு திருப்பிக் கொண்டுவந்தால் வாங்கிக்கொள்ள வேண்டும். காசு தர வேண்டாம், இடம் தந்தால் போதும். 2018 வெள்ளத்தில் கேரள ஆறுகளில் அரப்பைமாவும் அலிகேட்டர் காரும் வலையில் வந்ததை நாம் எல்லோரும் செய்தியில் பார்த்தோம். அவை யாருடைய குட்டையிலிருந்து போயின என்று யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. கொளத்தூர், வில்லிவாக்கம், மாதவரம் எல்லாம் சேர்த்து இத்தனை பண்ணை இருக்கும்போது, வேண்டாத மீனை விட ஒரு பொதுத்தொட்டி அமைக்க அரசும் மீன்வளத் துறையும் கைகொடுத்தால் செலவு பெரிதாக வராது. பின்கட்டில் வளர்க்கும் என்னைப் போன்ற பெண்களுக்கு: மழைக்கு முன்னால் தொட்டிகளுக்கு மேலே நைலான் வலை கட்டுங்கள், நீர் வெளியேறும் குழாய் வாயில் சல்லடை வையுங்கள். நான் 2016-இல் கட்டினேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் மறுபடி தண்ணீர் ஏறியது. அந்தத் தடவை பெரிய மீன் ஒன்றுகூட வெளியே போகவில்லை.

ஏரியில் பீகாக் பாஸ் பிடிபட்டால் மறுபடி தண்ணீரில் விடாதீர்கள். சாப்பிடலாம். அமேசானில் சந்தையில் வாங்கிச் சாப்பிடும் மீன்தான் அது, வெள்ளைச் சதை, முள் குறைவு. படத்தில் இருந்த பையன் என்ன செய்தான் என்று உங்கள் செய்தியில் இல்லை. அவனிடம் கேட்டு எழுதுங்கள், எந்த ஏரி, எந்தக் கரை, கூட இன்னும் ஏதாவது தென்பட்டதா என்று. மீன்வளத் துறைக்கு அது தெரிய வேண்டும். என் ஏழு மீனும் இந்நேரம் உயிரோடு இருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் உங்கள் படத்தைப் பார்த்ததும் வாலில் இருந்த அந்தப் பொன் வளையத்தைத்தான் முதலில் பார்த்தேன்.

பெரம்பூர்த் தம்பி கொண்டுவந்த மீன் என் பின்கட்டில் எட்டடித் தொட்டியில் இருக்கிறது. இப்போது பத்தொன்பது இன்ச். ஞாயிற்றுக்கிழமை அவன் நெத்திலி வாங்கிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போகிறான். பக்கத்துத் தொட்டி காலியாக இருக்கிறது. வீட்டில் வைக்க முடியாத பீகாக் பாஸ் யாரிடமாவது இருந்தால், ஏரிக்குக் கொண்டுபோகும் முன் உங்கள் அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள். என் விவரத்தை உங்களுக்குத் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். அக்கம்பக்கம் எல்லோரும் இதே தொழிலில் இருப்பதால் என் பெயரை மட்டும் அச்சில் போட வேண்டாம்.

இப்படிக்கு,
வண்ண மீன் வளர்க்கும் வாசகி,
பொன்னியம்மன்மேடு, சென்னை